அழுமூஞ்சி வீட்டுப் பேராசிரியர்

என் கொழுந்தன் மேக்னஸ் ஃப்ளெட் மருத்துவப் பேராசிரியர். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவன் அறைக் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை உண்டு. அவன் நடந்து வந்தால் மாணவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்களாம். எங்கள் ஸ்கெரிஹேவனில் அந்தப் பலகை செல்லாது. இங்கே அவன் அழுமூஞ்சி வீட்டு மேக்னஸ், அவ்வளவுதான். இந்த ஊரோடும் நகரத்தில் அவன் வேலை பார்த்த மருத்துவமனையோடும் பாதி வாழ்நாள் முட்டி மோதினான். அவன் கதையை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் எல்லோர் மேலும் கோபப்படுகிறேன்.

பட்டப்பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்கு வடக்கே, மோரே கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஃப்ளெட், மீதிப் பேர் ஸ்மித். மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும். அப்புறம் என்ன ஆகும்? "வில்லியம் ஃப்ளெட்" என்று தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர். வாத்து வில், பிஷப் வில், முட்டைக்கோஸ் வில். சில பட்டப்பெயர்களை முகத்துக்கு நேரே சொல்லலாம், சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். சிலதைச் சொன்னால் பல் இருக்காது. அழுமூஞ்சி இரண்டாவது ரகம்.

அந்தப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். என் கணவரின் கொள்ளுத்தாத்தா, காற்றே இல்லாத ஒரு நல்ல நாளில், வலை இழுத்துக்கொண்டிருந்தவர் படகிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாராம். புயலில் அழுதிருந்தால் மன்னித்திருப்பார்கள். வெயிலில் அழுதவனை ஸ்கெரிஹேவன் மன்னிக்காது. அடுத்த வருஷமே அவர் போய்விட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் டோட் ஃப்ளெட்டைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது என் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"போயும் போயும் அழுமூஞ்சி வீட்டுலயா? உம் பிள்ளைங்களையும் அப்படித்தான்டி கூப்பிடுவாங்க!"

டோட்டின் தம்பிதான் மேக்னஸ். படகில் ஏறினால் துறைமுகம் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் அவனுக்கு. கடலுக்கு ஆகாதவன் என்று பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அவன் படித்துத் தொலைத்தான். உதவித்தொகைத் தேர்வில் ஜெயித்து நகரத்துக்குப் போனான், டாக்டரானான், தெற்கே இங்கிலாந்தில் சில வருஷம் இருந்துவிட்டு, பேச்சில் ஒரு மெருகோடு திரும்பி வந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேராசிரியர் பதவி கிடைத்த அன்று டோட் துறைமுகத்தில் எல்லோருக்கும் விஸ்கி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு முட்டைக்கோஸ் வீட்டுப் பெரியவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பேராசிரியரா? அவன் அப்பனையே எனக்குத் தெரியும்டா!"

இங்கே அதுதான் கடைசி வார்த்தை. அப்பனைத் தெரிந்துவிட்டால் மகன் பெரிய ஆளாக முடியாது.

அந்த அப்பனும் சின்ன வயதிலேயே போனவர்தான். வலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். என் டோட்டும் அப்படியே போனார். நாற்பத்தொரு வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை. என் மகன் வில்லுக்கு அப்போது பத்து வயது. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மேக்னஸ் என் சமையலறையில் உட்கார்ந்தான். தேநீரைத் தொடவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அண்ணன் எப்பவாவது நெஞ்சைப் பிடிச்சாரா?"

"உங்கண்ணனா? வலின்னு வாய் திறந்து சொல்ற ஆளா அவர்?"

"சொல்ல வேணாம். நின்னாரா? எங்கயாவது மூச்சு வாங்கி நின்னாரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில், கடைசி ஒரு வருஷமாக, பாதி வழியில் நின்று குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார். தினமும். "ஒரு கயிறு கட்ட இவ்வளவு நேரமா" என்று நான் மேலேயிருந்து கத்துவேன். அவிழாத கயிற்றையா அந்த மனுஷன் ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்? அதைச் சொன்னதும் மேக்னஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் என்றான். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும், சில பிள்ளைகளுக்கு வரும், சிலருக்கு வராது. முதலில் தன்னைத்தான் பரிசோதித்துக்கொண்டான். இல்லை. அந்தச் செய்தியை ஏதோ திருட்டுச் சொத்து கிடைத்தவன் மாதிரி வந்து சொன்னான். அடுத்தது என் வில். அது இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். இருந்தால் மாத்திரை சாப்பிட வேண்டும், கனமான வேலை கூடாது. அதாவது கடல் கூடாது. எனக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பத்து வயதில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். வளர்ந்தான். வளர்ந்தவன் மாட்டேன் என்றான். படகு, வலைக்கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச், வலை, இதைத் தவிர அவனுக்கு உலகம் இல்லை. சித்தப்பா வந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டான். அவனை மட்டும் கூப்பிட்டால் வர மாட்டான் என்று மேக்னஸ் ஊரையே கூப்பிடத் திட்டம் போட்டான். நெஞ்சை ஒலி அலையால் படம் பிடிக்கும் இயந்திரம் அப்போதுதான் வந்திருந்தது. அதை ஊருக்கே கொண்டுவந்து ஃப்ளெட் ஆண்கள் எல்லோரையும் பார்ப்பது என்று முடிவு. பணம் கேட்டு அலைந்தான், அனுமதி கேட்டு அலைந்தான். வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து புகையிட்ட மீன் சூப்பைக் குடித்துக்கொண்டே புலம்புவான்.

ஒரு ஞாயிறு அவன் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. மருத்துவமனைக் குழுவிடம், நோயாளி பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயர் எழுத ஒரு இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

"சிரிக்கிறாங்க அண்ணி! தலைவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, 'உதாரணம் சொல்லுங்களேன் பேராசிரியர்'ங்கிறார். வாத்துன்னேன். முட்டைக்கோஸ்னேன். அவ்வளவுதான், கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்குது. 'மருத்துவமனையில காய்கறிக்கடை வைக்க முடியாது'ன்னாங்க."

"நம்ம வீட்டுப் பேரைச் சொன்னியா?"

அவன் சூப்பைப் பார்த்தான்.

"நீயே சொல்ல மாட்ட. அப்புறம் அவங்க எப்படிடா எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு வந்தான், அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கடைசியில் தேவாலயக் கூடத்தில் முகாம் நடந்தது. வில்லுக்கு அப்போது இருபத்தொன்பது. மற்ற மூன்று வில்களும் வருகிறார்கள், நீ மட்டும் போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று நான் குத்திக்காட்டித்தான் அனுப்பினேன். சொந்தக்காரர்களைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்று விதியாம், மேக்னஸை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்த ஒரு இளம் டாக்டரம்மாதான் பார்த்தாள். நல்ல பெண், மரியாதையான பெண். அவளிடம் பெயர்கள் வரிசையாக இருந்தன. வாசலுக்கு வந்து, "வில்லியம் ஃப்ளெட்?" என்றாள்.

நான்கு பேரும் எழுந்தார்கள். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

"நீ போடா."

"பெரியவர் நீங்க போங்க."

"எனக்கு என்ன அவசரம், வாத்துக்குத்தான் வலை காயுது."

"எல்லாரும் வில்லியம் ஃப்ளெட்தானே, யார் போனா என்ன!"

இதுதான் எங்கள் ஆட்களின் லட்சணம். உயிர் போகிற இடத்திலும் ஒருவரை ஒருவர் முந்திப் போக மாட்டார்கள். முதலில் போக வேண்டிய என் மகன் எழுந்து வாத்து வில்லுக்கு இடம் கொடுத்தான். தானோ கடைசியில் போனான். டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு வேறு பெயர் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். மேக்னஸ்தான் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தான். நான்கு பேரும் சொல்லிவைத்த மாதிரி, "இல்லீங்க" என்றிருக்கிறார்கள். அயலூர்ப் பெண்ணிடம் போய் எவன் தன்னை அழுமூஞ்சி என்று சொல்லிக்கொள்வான்?

முடிவு வந்தது. வாத்து வில்லுக்கு நோய் இருக்கிறது. என் வில்லுக்கு ஒன்றுமில்லை.

அன்று நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமையலறையில் தனியாக ஆடினேன். வாத்து வில்லின் மனைவி அழுத கண்ணோடு எதிரே வந்தபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தலையால் தண்ணீர் குடித்தேன். வாத்து வில் படகை நிறுத்திவிட்டு, மாத்திரை விழுங்கிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வில் இரட்டை வேகத்தில் உழைத்தான். "பாத்தியாம்மா, உன் கொழுந்தன் பூச்சாண்டி காட்டினான்" என்றான்.

அந்தக் குளிர்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை காலை மேக்னஸ் காரில் வந்தான். வாத்து வில்லுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, தலைசுற்றுகிறது என்று தகவல் போயிருந்தது. அவனைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றான். காதில் குழாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வில் எங்க?"

"திங்கட்கிழமை எங்க இருப்பான்? துறைமுகத்துல."

"அண்ணி, வாத்து வில்லை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி நெஞ்சைக் கேட்டேன். சுத்தமா இருக்கு. கல்லு மாதிரி இருக்கான். அந்தப் படம் அவனுது இல்ல."

மீதியை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஏப்ரனோடு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கயிற்றைக்கூடத் தொட மாட்டார்கள். அதனால் திங்கள் காலை மொத்தத் துறைமுகமும் ஒரே நேரத்தில் கிளம்பும். எல்லா இயந்திரமும் உறுமிக்கொண்டிருந்தது. வில்லின் படகு கயிற்றை அவிழ்த்தாயிற்று, கரைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் தெரிய ஆரம்பித்துவிட்டது. பேராசிரியர், ஐம்பத்தெட்டு வயது, நகரத்துச் செருப்போடு மீன் செதில்மேல் வழுக்கிக்கொண்டே ஓடிக் கத்தினான்.

"வில்லியம் ஃப்ளெட்! நில்லு! வில்லியம் ஃப்ளெட்!"

பிஷப் வில் திரும்பினான். முட்டைக்கோஸ் வில் திரும்பினான். என் மகனும் திரும்பினான், சித்தப்பாவைப் பார்த்தான், தனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று நிம்மதியாகப் பக்கத்துப் படகுக்குக் கையைக் காட்டினான்.

"பிஷப்பு! டாக்டர் உன்னைத்தான்டா கூப்பிடுறாரு!"

நானும் கத்தினேன். துறைமுகத்தில் கத்துகிற அம்மாக்களுக்குக் குறைச்சலா, யார் காதில் விழும்? வில் எங்களுக்கு முதுகைக் காட்டி வின்ச்சில் கை வைத்தான். என் டோட்டும் அதே வின்ச்சில்தான் கடைசியாகக் கை வைத்தார்.

மேக்னஸ் நின்றான். மூச்சை இழுத்தான். அந்த மெருகேறிய குரல் எங்கே போனதோ, சுத்தமான ஸ்கெரிஹேவன் தொண்டை திறந்தது.

"டேய் அழுமூஞ்சி! ஏய், அழுமூஞ்சி வில்!"

கடற்காக்கைகூட வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. வலையில் கை வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த ஊரில் அந்தச் சொல்லை அப்படி உரக்க யாரும் சொன்னதே இல்லை. என் மகன் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. படகின் விளிம்பில் கால் வைத்து, அத்தனை தண்ணீரையும் ஒரே தாவில் தாண்டி வந்து, சித்தப்பாவின் மூக்கில் ஒரு குத்து விட்டான்.

விட்டான்தான். ஆனால் கரையில் நின்று விட்டான்.

மேக்னஸ் மீன்பெட்டிகள்மேல் விழுந்து கிடந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. சிரித்தான் அந்தப் பைத்தியக்காரன்.

"இன்னொண்ணு வேணும்னாலும் அடி. மெதுவா அடி, உன் நெஞ்சுக்கு ஆகாது."

"என்ன உளர்றீங்க?"

"படம் மாறிப்போச்சுடா. நீயும் வாத்தும் இடம் மாத்திப் போனீங்கல்ல, பட்டியல் வரிசையிலயே பேரு விழுந்துருச்சு. நோய் வாத்துக்கு இல்ல, உனக்கு." பிறகு எழுந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். "எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க கொள்ளுத்தாத்தா பயந்து அழல. வலை இழுக்கறப்ப நெஞ்சு வலிச்சிருக்கு, தாங்க முடியாம உக்காந்து அழுதாரு. ஒரு பய தண்ணி குடுக்கல. பேரு வெச்சீங்க! நாலு தலைமுறையா எங்க வீட்டு நோயை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டிருக்கு, எங்களுக்குத்தான் கேக்கல. நானும் அழுமூஞ்சிதான். அழுமூஞ்சி மேக்னஸ். போதுமா?"

முட்டைக்கோஸ் வில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வாத்து வில்லைக் கடலுக்கு அனுப்பினார்கள், என் வில்லை நகரத்துக்குக் கூட்டிப்போனார்கள். புதுப் படத்தில் இதயச் சுவர் தடித்துப்போய் இருந்தது.

இதோடு கதை முடிந்து மேக்னஸைத் தோளில் தூக்கினார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு மருத்துவமனைகளையும் தெரியாது, என் மகனையும் தெரியாது. நோயாளியின் நோயைப் பொது இடத்தில் கூவியதற்காகவும், அவனை இழிவாகப் பேசியதற்காகவும் பேராசிரியருக்குக் கண்டனம். படம் மாறியதற்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த டாக்டரம்மா மட்டும் வந்து என்னிடம் அழுதாள், பாவம். மேக்னஸ் மறுபடி குழுவுக்குப் போய், இந்த முறை தன் வீட்டுப் பெயரையும் சொல்லி, பட்டப்பெயருக்கு இடம் கேட்டான். யாரும் சிரிக்கவில்லையாம். பரிசீலிக்கிறோம் என்றார்களாம். ஓய்வு பெறும் வரை பரிசீலித்தார்கள். போகும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது என் வீட்டில்தான் இருக்கிறது, ஒருநாளும் சரியாக ஓடியதில்லை.

வில் படகை விற்றான். பனிக்கட்டி ஆலையில் கணக்குப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு திங்களும் படகுகள் கிளம்பும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவான். மேக்னஸ் முன்வாசலில் வந்தால் இவன் பின்வாசல் வழியாகப் போவான். "ஏன்டா, உன்னை உயிரோட வெச்சிருக்கிற மனுஷன்டா" என்பேன். "உயிரோட இருக்கேன்ல, அது போதும்ல உனக்கு?" என்று கதவை அறைவான். பதினைந்து வருஷம் இரண்டு வாசலுக்கும் நடுவே சூப்புச் சட்டியோடு நின்று எனக்கு அலுத்துப்போனது. மேக்னஸ் மட்டும் அசரவில்லை.

"திட்டட்டும் விடுங்க அண்ணி. திட்டறதுக்கு மூச்சு வேணும்ல, அது இருக்கில்ல?"

வில் அப்பாவின் வயதைத் தாண்டிய பிறந்தநாளன்று மேக்னஸ் ஒரு கேக்கோடு வந்தான். வில் வெளியே போய்விட்டான். நாங்கள் இருவரும் தின்றோம்.

போன வருஷம் மேக்னஸ் போய்விட்டான். எழுபத்துமூன்று வயது, நுரையீரல் சளி. இதயம் கடைசி வரை நன்றாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். ஸ்கெரிஹேவனில்தான் அடக்கம். பல்கலைக்கழகத்திலிருந்து கறுப்பு கோட்டுகள் வந்தன. நான்கு வில்களும் வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி சவப்பெட்டியை இறக்க எட்டுக் கயிறு, நெருங்கிய ஆண்களுக்கு ஆளுக்கொன்று. தலைமாட்டுக் கயிறு ரத்தச் சொந்தத்துக்கு. அடக்கக்காரர் நகரத்து ஆள். கையிலிருந்த அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"முதல் கயிறு. வில்லியம் ஃப்ளெட்."

ஒருவரும் அசையவில்லை. வாத்து பிஷப்பைப் பார்த்தான், பிஷப் முட்டைக்கோஸைப் பார்த்தான், என் மகன் தரையைப் பார்த்தான். மறுபடியும் அதே கூத்து. குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, நானே போய்க் கயிற்றைப் பிடித்துவிடலாமா என்றிருந்தது.

அடக்கக்காரர் தொண்டையைச் செருமினார். "எந்த வில்லியம் ஃப்ளெட், தெரிஞ்சுக்கலாமா?"

என் மகன் தலையை நிமிர்த்தினான். கறுப்பு கோட்டுகள், ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அழுமூஞ்சி வில். நான்தான்."

போய்க் கயிற்றை வாங்கினான். பெட்டி மெல்ல இறங்கியது. கயிறு கை நழுவிக் குழிக்குள் விழுந்த பிறகும் அங்கேயே நின்றான். பிறகு அழுதான், வாய்விட்டு, நல்ல வெயிலில், ஊர் பார்க்க அழுதான். நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெஞ்சுக்குப் போகவில்லை.